சின்னப் படகில் கழிவுத் தொட்டி: வென்ட் குழாயை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது?

கீழ்க்காற்று:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 26 அடி ஃபைபர் பாய்மரப் படகு. இதுவரை கையில் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி டாய்லெட்தான். இப்போது கையால் பம்ப் அடிக்கும் நிரந்தர டாய்லெட் ஒன்றும், அதற்கு 45 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் பொருத்தப் போகிறேன். முன் கேபினில் படுக்கைக்கு அடியில் தொட்டிக்கு இடம் இருக்கிறது. டாய்லெட்டிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரம். தொட்டியின் மேல்பக்கம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். அடிப்பாகம் நீர்மட்டத்துக்குக் கீழே.

தொட்டியில் வென்ட்டுக்கு, அதாவது காற்று போய்வரும் குழாய்க்கு, 16 மி.மீ. முனை ஒன்றுதான் இருக்கிறது. அதில் மெல்லிய ஹோஸ் மாட்டி, டெக் கைப்பிடித் தூணின் உள்ளே விட்டு மேலே கொண்டுபோகலாமா? இல்லை, படகின் பக்கச்சுவரில் துளை போட்டே ஆக வேண்டுமா? கரி ஃபில்டர் போட்டால் நாற்றம் நின்றுவிடும் என்றும் சொல்கிறார்கள். தொட்டிக்கு மேலேயேதான் படுக்க வேண்டும் என்பதால் இவ்வளவு யோசனை. நாற்றம் இருந்தால் வீட்டில் யாரும் இரவு தங்க வர மாட்டார்கள்.

நங்கூரக்கயிறு:
துளை போடத் தயங்காதீர்கள். தூணுக்குள் விடும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள்.

வென்ட் என்றாலே நாற்றத்தை வெளியே விடும் குழாய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைத்தால் அதை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு தூரமாக வைக்க முடியுமோ அப்படி வைக்கத்தான் தோன்றும். அதன் முக்கிய வேலை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவது. தொட்டிக்குள் காற்று புழங்கினால் ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கும். அவை விடுவது பெரும்பாலும் கரியமில வாயு, அதற்கு மணமே கிடையாது. காற்று இல்லாவிட்டால் ஆக்சிஜன் தேவைப்படாத வகை பெருகும். மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அவற்றின் வேலை. ஆக, வென்ட்டைச் சுருக்கச் சுருக்க நாற்றம் கூடத்தான் செய்யும்.

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அது தொட்டிக்குள் கழிவின் மேல் போர்வையாகப் படிந்துவிடும், தானாக எழுந்து வெளியே போகாது. அதைக் கலைத்துவிடக் காற்று ஓட்டம் வேண்டும். அதற்குத்தான் குழாய் அகலமாக, குட்டையாக, முடிந்தவரை நேராக இருக்க வேண்டும் என்கிறோம். 16 மி.மீ. குழாயை 25 மி.மீ. ஆக்கினால் உள்பரப்பு இரண்டரை மடங்குக்குக் கிட்டே போய்விடும். 38 மி.மீ. என்றால் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

உங்கள் தொட்டி படகின் முன்பக்கம் இருப்பது ஒரு வசதி. அங்கே இரண்டு பக்கச்சுவரும் தொட்டிக்கு அருகிலேயே வந்துவிடும். இடது பக்கம் ஒரு வென்ட், வலது பக்கம் ஒரு வென்ட் என்று இரண்டு வைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். இரண்டும் 25 மி.மீ. போதும். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

சுக்கான்:
இரண்டு வென்ட் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். நெருக்கமாகக் கட்டி நிறுத்தும் துறைகளில் பக்கத்துப் படகுக்காரரின் ஜன்னலுக்கு நேராக நம் வென்ட் இருக்கும். ஒவ்வொரு முறை பம்ப் அடிக்கும்போதும் அவ்வளவு காற்று வெளியே தள்ளப்படும். அந்த நேரத்தில் ஃபில்டர் உதவுகிறது. என் படகில் பல சீசனாக இருக்கிறது, யாரும் குறை சொன்னதில்லை.

நங்கூரக்கயிறு:
நீங்கள் சொல்லும் நெருக்கடி உண்மைதான். என் கவலை வேறு. கரி நனைந்தால் அதன் வேலை முடிந்தது. கட்டியாகிக் காற்றையும் மறித்துவிடும். சின்னப் படகில் தொட்டிக்கும் டெக்குக்கும் நடுவே உயரமே இல்லை. பாய் விரித்துச் சாய்ந்து ஓடும்போது முக்கால்வாசி நிறைந்த தொட்டியிலிருந்து நீர் வென்ட்டுக்குள் ஏறி, நேராக ஃபில்டரில் போய் உட்காரும். உங்கள் படகு எத்தனை அடி?

சுக்கான்:
38 அடி. ஃபில்டர் தொட்டியைவிட ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சரி, 26 அடியில் அந்த உயரம் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். போட்டே தீர வேண்டும் என்றால் ஹோஸின் அதே அளவு வாய் உள்ளதாக, கையால் கழற்றி மாற்ற முடிகிற இடத்தில் போடுங்கள். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மாற்றுங்கள்.

கட்டுத்துறை:
வென்ட் அடைத்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். என் படகுக்கு அடுத்த படகு. கழிவை வெளியேற்ற டெக் மூடியைச் சாவி போட்டுத் திருப்பினார் அதன் சொந்தக்காரர். அரைச் சுற்றுதான் சுற்றியிருப்பார், உஸ்ஸென்று சத்தம் வந்தது. மூடியைச் சுற்றிப் பழுப்பு நீர் குமிழி விட்டது. நல்லவேளை, உடனே கையை எடுத்துப் பின்னால் நகர்ந்துவிட்டார். அடுத்த நொடி மூடி தெறித்து, டெக், பாய் உறை, அவர் சட்டை எல்லாம் நனைந்தது. வென்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். வெளிமுனையில் சல்லடை வலை, அதற்குப் பின்னால் குளவி கட்டிய மண்கூடு. அதன் மேல் ஈரத்தாளும் உப்பும் சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

இது அழுத்தம் சேர்ந்ததால் நடந்தது. இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். கரையிலுள்ள பம்ப் 38 மி.மீ. குழாய் வழியாக உறிஞ்சும்போது, போன கழிவின் அளவுக்குக் காற்று வென்ட் வழியாக உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் தொட்டியின் சுவர் உள்வாங்கும், இணைப்புகள் விரிசல் விடும். 16 மி.மீ. வென்ட் அடைக்காமல் இருந்தாலுமே வலுவான பம்புக்கு அது பற்றாது.

வெளிமுனைக்கு வலையும் கீறல் மாதிரிக் குறுகிய வாயும் இல்லாத, நேரான துளை உள்ள ஃபிட்டிங் வாங்குங்கள். ஒவ்வொரு முறை தொட்டியைக் காலி செய்தபின் வெளியிலிருந்து தண்ணீர் ஹோஸை அந்தத் துளையில் வைத்துக் கொஞ்சம் பாய்ச்சினால் குழாய் சுத்தமாகிவிடும். வலை இருந்தால் இதைச் செய்ய முடியாது.

கீழ்க்காற்று:
நன்றி. தூண் யோசனை கைவிடப்பட்டது. மூன்று சந்தேகங்கள்:

தொட்டியில் இருப்பது 16 மி.மீ. முனை. அதைப் பெரிதாக்குவது எப்படி? பசை போட்டு வேறு முனை ஒட்டலாமா?

சாய்ந்து ஓடும்போது காற்று மறைவுப் பக்க வென்ட், அதாவது படகு சாயும் பக்கத்து வென்ட், தண்ணீருக்குள் போனால்?

ரப்பர் பை மாதிரி மடங்கும் தொட்டி ஒன்றையும் பார்த்தேன். முன்பக்கத்தின் வளைவுக்கு அது சரியாக உட்காரும் போலிருக்கிறது. அதைப் பரிசீலிக்கலாமா?

பணிமனை:
படகுக் குழாய் வேலை செய்பவன். வரிசையாகச் சொல்கிறேன்.

மடங்கும் பை வேண்டாம். அலை அடிக்கும்போது அது ஃபைபர் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும், ஒருநாள் ஓட்டை விழும். அதன் சுவர் வழியாக நாற்றம் ஊறியும் வரும். உலோகத் தொட்டியும் வேண்டாம். சிறுநீர் அலுமினியத்தை அரித்துவிடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் வெல்டிங் போட்ட இடங்களில் புள்ளி புள்ளியாக அரிக்கும். தடித்த பாலிஎத்திலீன் தொட்டிதான் சரி. சுவர் 9, 10 மி.மீ. இருந்தால் கவலை இல்லை. மெல்லிசான தொட்டி நிறைந்ததும் வயிறு உப்பும். உப்பினால் முனைகள் அசையும்.

பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் நிலைத்து நிற்காது. பி.வி.சி. பசை, எபாக்சி, சீலன்ட் எதையும் நம்பாதீர்கள். தொட்டி செய்யும் இடத்தில் முனையைச் சுழற்றி உருக்கி ஒட்டிக் கொடுப்பார்கள், அதுதான் முதல் தேர்வு. அது முடியாது என்றால் தொட்டியின் மேல்பக்கத்தில் துளை போட்டு, நடுவில் பள்ளம் உள்ள தடித்த ரப்பர் வளையத்தைச் செருகி, அதற்குள் பிளாஸ்டிக் குழாயை அழுத்தி நுழைக்கலாம். மேல்பக்கத்துக்கு அது தாங்கும். பக்கவாட்டிலோ அடியிலோ அதைப் போட மாட்டேன்.

எல்லா முனையும் மேல்பக்கமே இருக்கட்டும். டாய்லெட்டிலிருந்து வருவது, வென்ட் இரண்டு, உறிஞ்சும் குழாய், எல்லாமே. உறிஞ்சும் குழாய்க்கு உள்ளே ஒரு நீண்ட குழாய் அடிவரை இறங்க வேண்டும். அதன் நுனியைச் சாய்வாக வெட்டி, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் எந்த ஹோஸிலும் கழிவு நிரந்தரமாக நிற்காது. ஹோஸில் கழிவு நிற்பதுதான் கேபின் நாற்றத்துக்கு நான் பார்த்தவரை முதல் காரணம்.

காற்று மறைவுப் பக்க வென்ட்: தொட்டியிலிருந்து ஹோஸ் நேராக மேலே ஏறி டெக்கின் அடியைத் தொடட்டும். அங்கே அகலமாக வளைந்து, வெளிமுனைக்குச் சற்று இறங்கட்டும். வெளிமுனை பக்கச்சுவரில் டெக் விளிம்புக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு. அலை தெறித்து உள்ளே வந்த நீர் வெளியே வடிந்துவிடும். ஹோஸ் எங்கேயும் தொங்கிப் பள்ளம் விழக் கூடாது. அந்தப் பள்ளத்தில் ஒரு கை நீர் நின்றாலும் காற்றைப் பொறுத்தவரை குழாய் மூடிய மாதிரிதான். எல்போ (முழங்கை மாதிரி வளைந்த இணைப்பு) போடாதீர்கள், வளைவெல்லாம் ஹோஸிலேயே வரட்டும்.

இரண்டு வென்ட்டும் ஜன்னலுக்கும் டெக் வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். குடிநீர்த் தொட்டியின் வென்ட் பக்கத்தில் போகவே கூடாது.

அலைமகள்:
ஹோஸ் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. தொட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மலிவான ஹோஸ் போட்டால் அதன் சுவர் வழியாக நாற்றம் கசியும். கழிவுக்கென்றே செய்த 38 மி.மீ. ஹோஸ் வேண்டும். உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். நெளிநெளியாக இருந்தால் ஒவ்வொரு நெளியிலும் கழிவு தங்கும். நேரான நீளங்களுக்குத் தடித்த பி.வி.சி. குழாயே போடலாம், அதில் நாற்றம் ஊறாது. அசைவைத் தாங்குவதற்கு இரு முனையிலும் கொஞ்சம் ஹோஸ்.

பழைய ஹோஸை மறுபடி பயன்படுத்த நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை: சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஹோஸின் மேல் சுற்றி வையுங்கள். ஆறியதும் துணியை வெளியே எடுத்துப்போய் முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் இருந்தால் அந்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும், கழுவிப் பயனில்லை.

இன்னொன்று. படகில் நாற்றம் என்றதும் எல்லாரும் தொட்டியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பல படகுகளில் காரணம் கடல்நீர் உள்ளே வரும் குழாய். அதில் நிற்கும் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் செத்து அழுகும். திரும்பிவந்து முதல் பம்ப் அடித்ததும் குப்பென்று முட்டை நாற்றம் வரும், அப்புறம் குறைந்துவிடும். அப்படி வந்தால் தொட்டியைத் தொட வேண்டாம். படகை விட்டுக் கிளம்பும் முன் டாய்லெட்டின் உள்வரும் பக்கத்தையும் நன்னீரால் அலசிவிட்டுப் போங்கள், போதும்.

நங்கூரக்கயிறு:
அலைமகள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கடல்நீரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. காற்றில்லாத தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அந்தச் சல்ஃபேட்டைத்தான் ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். நன்னீரில் அலசும் டாய்லெட்டின் தொட்டி குறைவாக நாறுவதற்கு இது ஒரு காரணம். கடல்நீரும் சிறுநீரும் கலந்தால் ஹோஸின் உள்ளே சுண்ணாம்பு மாதிரிப் படிவதும் இதோடு குறையும். ஆனால் குடிநீர்க் குழாயை நேராக டாய்லெட்டில் இணைத்துவிடாதீர்கள். கழிவு பின்னோக்கிக் குடிநீரில் கலக்கும் ஆபத்து இருக்கிறது. ஒரு ஜாடியில் எடுத்து ஊற்றினால் போதும்.

பிளீச் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். டாய்லெட்டின் வெளியேற்றும் ரப்பர் வால்வை அது கெடுக்கும், தொட்டிக்குள் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கொல்லும். படிவுக்கு வெள்ளை வினிகர் ஊற்றி, அது ஹோஸ் முழுவதும் நகரும்படி மெதுவாகப் பம்ப் அடித்தால் போதும்.

துறைவாசி:
45 லிட்டர் எவ்வளவு நாள் வரும் என்று கீழ்க்காற்று கேட்கவில்லை, ஆனால் கணக்குப் போட்டுவிடுங்கள். கையால் அடிக்கும் டாய்லெட்டில் ஒரு முறைக்கு 3 லிட்டர் என்று வைத்தால் 15 முறை. இரண்டு பேர் ஆளுக்கு ஐந்து முறை என்றால் ஒன்றரை நாள். நீரைச் சிக்கனமாக அடித்தால் இரண்டரை, மூன்று நாளாக நீட்டலாம்.

எடையையும் பாருங்கள். நிறைந்தால் 45 கிலோவுக்கு மேல், அதுவும் முன்முனையில். அலையில் குதிக்கும்போது அந்த எடை மேலும் கீழும் இழுக்கும். தொட்டி நாலு பக்கமும் மரச்சட்டத்தில் இறுகி, மேலே பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். அடிப்பக்கம் முழுவதும் பலகை தாங்கட்டும், நடுவில் ரப்பர் விரிப்பு.

பாய் விரித்துப் போகும்போது முக்கால் அளவுக்கு மேல் நிறைக்காதீர்கள். சாயும்போது வென்ட் வாய் கழிவுக்குள் மூழ்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

பாய்க்கயிறு:
நிறைந்தால் ஆழ்கடலில் திறந்துவிடலாம்தானே? அப்படியானால் டாய்லெட்டிலிருந்து நேராகக் கடலுக்கு ஒரு மூவழி வால்வும் வைத்துவிடலாமே. சட்டம் என்ன சொல்கிறது?

துறைவாசி:
கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்புதான் கப்பல் கழிவுநீருக்கானது, 2003 செப்டம்பர் 27 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவு என்றால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால், அப்படிச் செய்யாததென்றால் 12 கடல் மைலுக்கு அப்பால். தொட்டியில் சேர்த்து வைத்ததை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. கப்பல் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்குக் குறையாமல் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அது பொருந்துவது மொத்த டன்னேஜ் 400-ம் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கும், 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி உள்ளவற்றுக்கும். நம்மைப் போன்ற சின்னப் படகுகளுக்கு அந்தந்த நாட்டின் விதிதான். பல இடங்களில் அது இதைவிடக் கடுமை. ஏரிகளிலும் மூடிய விரிகுடாக்களிலும் சொட்டுக்கூட விடக் கூடாது என்பார்கள். வால்வு வைத்தால் கடல் பக்கத்தை மூடிப் பூட்டி வைக்கும் வசதியோடு வையுங்கள். பூட்டியிருக்கிறதா என்று ஏறிவந்து பார்க்கும் நாடுகள் உண்டு.

சட்டம் கிடக்கட்டும், நங்கூரமிட்ட இடத்தில் நம் பிள்ளைகள்தான் குதித்து நீந்துகிறார்கள். எனக்கு அது போதுமான காரணம்.

பணிமனை:
கடலுக்கு விடும் குழாய் வைத்தால் ஒரு வேலை கூடும், அதை விட்டுவிட்டால் படகே மூழ்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள துளையோடு இணைந்த எந்த டாய்லெட் குழாயும், எவ்வளவு சாய்ந்தாலும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் வளைவு ஒன்றில் ஏறி இறங்க வேண்டும். அந்த வளைவின் உச்சியில் காற்று நுழையும் சிறு வால்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சைஃபன் ஏற்பட்டுக் கடல்நீர் தானாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். உள்வரும் பக்கத்தில் அந்த வளைவு பம்புக்கும் டாய்லெட் பீங்கானுக்கும் நடுவே வர வேண்டும். கடல் வால்வுக்கும் பம்புக்கும் நடுவே வைத்தால் பம்ப் நீருக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும்.

தொட்டிக்குப் போகும் குழாயையும் டாய்லெட்டுக்குப் பின்னால் உடனே மேலே ஏற்றி, அங்கிருந்து தொட்டிவரை சரிவாக இறக்குங்கள். பம்ப் அடிப்பதை நிறுத்தியதும் உச்சிக்கு அப்பால் போனது தானாகத் தொட்டியில் விழுந்துவிடும்.

கீழ்க்காற்று:
எல்லாவற்றையும் வைத்துத் திட்டம் இப்படி: கடலுக்கு விடும் குழாய் இல்லை, கரையில் மட்டும் காலி செய்வேன். மேல்பக்கம் நாலு முனை, தொட்டி செய்பவர் உருக்கி ஒட்டித் தருகிறார். இருபுறமும் 25 மி.மீ. வென்ட், ஃபில்டர் இல்லை. பக்கச்சுவர் என் படகில் நடுவே பால்சா மரம் வைத்தது, துளை போடும்போது அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

பணிமனை:
கட்டாயம். அந்த மரத்தில் ஈரம் இறங்கினால் சுவர் உள்ளேயே உளுத்துவிடும். துளை போட்டபின் வெளித்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் இருக்கும் மரத்தைச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் சுரண்டி எடுங்கள். அந்த இடைவெளியில் கெட்டியாகக் கலந்த எபாக்சியை நிரப்பி, இறுகியபின் துளையைத் திரும்பச் சரி செய்யுங்கள். அப்புறம் ஃபிட்டிங்கை சீலன்ட் வைத்து இறுக்கலாம். பிளாஸ்டிக் ஃபிட்டிங் என்றால் பாலிசல்ஃபைடு சீலன்ட் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைக்கும்.

ஹோஸ் முனை ஏறவில்லை என்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்குங்கள். சுடர் காட்டாதீர்கள். 38 மி.மீ. இணைப்புகளுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப், திருகு எதிரெதிர்ப் பக்கம் வரட்டும்.

கீழ்க்காற்று:
வேலை முடிந்தது. பணிமனை சொன்னபடி எபாக்சி நிரப்பி வைத்தேன். கழிவு போகும் முன் நன்னீரால் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் சுற்றி ஓர் இரவு விட்டேன். காலையில் உறிஞ்சும் குழாய் முனையில் சுற்றிய தாளில் மட்டும் நகக்கண் அளவு ஈரம். கிளாம்ப்பை இன்னொரு கால் சுற்று இறுக்கி மறுநாளும் அதே சோதனை. எல்லாத் தாளும் காய்ந்தே இருந்தது.

வென்ட்டையும் பார்த்தேன். ஒரு பக்கத் துளைக்கு முன் ஊதுவத்தி பிடித்தால் புகை உள்ளே இழுபடுகிறது. இளங்காற்றுதான், இருந்தும் நன்றாகத் தெரிகிறது.

கடைசிக் கேள்வி. இரண்டு மாதம் படகைத் தொட மாட்டேன். குளவிக்காக வென்ட்டை அடைத்துவிட்டுப் போகலாமா?

கட்டுத்துறை:
அடைக்காதீர்கள். தொட்டியைக் காலி செய்து, நன்னீர் விட்டு இரண்டு முறை அலசி, மறுபடி உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வென்ட் இரண்டும் திறந்தே கிடக்கட்டும். திரும்பி வந்ததும் டெக் மூடியைத் தொடும் முன் இருபுறமும் தண்ணீர் ஹோஸைக் காட்டுங்கள். ஒரு பக்கம் விட்ட நீர் உள்ளே போகாமல் உங்கள் மேலேயே திரும்பி வந்தால் கூடு இருக்கிறது. வளையும் கம்பியால் எடுத்துவிட்டு அப்புறம் மூடியைத் திறங்கள்.

அலைமகள்:
மூடியின் ரப்பர் வளையத்துக்குக் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவிவிட்டுப் போங்கள், இரண்டு மாதம் கழித்து இறுகிப்போய் நிற்காது.